பட்டறைச் சத்தம்: காது எவ்வளவு தாங்கும்?

கேள்வி: மரத் தளபாடப் பட்டறை வைத்திருக்கிறேன், நாலு பேர் வேலை. வாள் மெசினுக்குப் பக்கத்தில் போன் செயலி 94 டெசிபல் காட்டுகிறது. நம்பலாமா? என்ன செய்வது?
– வாசகர், கோண்டாவில்

பதில்: அந்த இலக்கம் சந்தேகப்படப் போதும், முடிவெடுக்கப் போதாது. போன் மைக் பேச்சுக்காகச் செய்தது. பலத்த சத்தத்தை அடக்கிக் குறைவாகவும் காட்டும். கிளாஸ் 2 (சாதாரண பாவனைக்கான துல்லியத் தரம்) ஒலிமானியும், அதைச் சரிபார்க்க 94 டெசிபல் சத்தம் தரும் கலிபிரேட்டரும் வாடகைக்காவது எடுங்கள். அளக்கமுன்னும் பின்னும் கலிபிரேட்டரைப் போட்டுப் பாருங்கள். 0.5 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அன்றைய அளவைக் கணக்கில் எடுக்க வேண்டாம். மீட்டர் 'ஏ' (மனிதக் காது கேட்கும் விதத்துக்கு ஏற்றது), 'ஸ்லோ' (ஏற்ற இறக்கத்தை மெதுவாகக் காட்டுவது) நிலையில் இருக்கட்டும்.

பலரும் மைக்கை மெசினிடம் நீட்டுகிறார்கள். அது வேலையாளின் காதுக்கு 10 சென்ரிமீற்றர் அளவில், சத்தம் கூடிய பக்கத்தில் இருக்க வேண்டும். வெறுமனே ஓடும் வாளை அளந்து பயனில்லை; முதிரைப் பலகை ஏறும்போது அளவுங்கள். மறுபக்கம் நின்று பலகை வாங்குகிற பொடியனையும் சேர்த்துத்தான். தகரக் கூரை சத்தத்தைத் திருப்பி அடிப்பதால் அவருக்கும் குறைவாக இராது.

அடுத்து நேரம். அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரை, ஒரு நாளுக்கு 85 டெசிபலில் கூடியது 8 மணித்தியாலம். 3 டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும். 88க்கு 4, 91க்கு 2, 94க்கு 1 மணித்தியாலம், 97க்கு அரை மணித்தியாலம். உதாரணமாக ஒருவர் 94இல் 1 மணித்தியாலம் வாளில் (அன்றைய அனுமதியில் 100%), 97இல் 15 நிமிடம் சீவும் மெசினில் (50%), 88இல் 2 மணித்தியாலம் சாண்டரில் (50%) நின்றால் மொத்தம் 200%. அதாவது நாள் முழுக்க 88இல் நின்றதற்குச் சமம். ஆகவே யார் எந்த மெசினில் எத்தனை நிமிடம் நின்றார் என்று கொப்பியில் குறியுங்கள். வேலையாளைக் கேட்டால் சரியான கணக்கு வராது.

குறைக்க வழி: மழுங்கிய வாள், தேய்ந்த பெயாரிங், ஆடும் மூடி, இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். காதடைப்பான் பிறகு. பெட்டியில் என்ஆர்ஆர் (சத்தம் குறைக்கும் அளவு) 29 என்றிருந்தால் 29 குறையாது: 7ஐக் கழித்துப் பாதியாக்குங்கள், 11தான். நுரை அடைப்பானை உருட்டி மெல்லியதாக்கி, மறுகையால் காதை மேலும் பின்னும் இழுத்துச் செருகி, விரியும் வரை பிடித்திருக்க வேண்டும். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போட்டும் போடாததுபோல்தான்.

நால்வருக்கும் இப்போதே கேள்திறன் பரிசோதனை செய்து வையுங்கள். சத்தத்தால் வரும் சேதம் பெரும்பாலும் 4000 ஹேர்ட்ஸ் அளவிலான கீச்சொலியைக் கேட்பதில்தான் முதலில் தெரியும். பரிசோதனைக்கு முன் 14 மணித்தியாலமாவது பட்டறைச் சத்தம் கூடாது. காலையில், வேலை தொடங்கமுன் அனுப்புங்கள்.