அடைப்புக்குறிக்குள் ஒரு மன்னிப்பு

கேள்வி: போலோ என்பது குதிரை மேல் ஏறி ஆடும் ஹொக்கிதானே? இரண்டில் எது கடினம்? (கையெழுத்தை மன்னிக்கவும், நான் இடக்கைக்காரன்.)
— வாசகர் ஒருவர், களுவாஞ்சிக்குடி

பதில்: கேள்வி கிடக்கட்டும். அடைப்புக்குறிக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டிருக்கிறீர்களே, அது எதற்கு? நானும் இடக்கைக்காரன்தான். சின்ன வயதில் இடக்கை சோற்றுக் கோப்பைக்குள் போனால் அம்மம்மாவின் அகப்பைக் காம்பு மணிக்கட்டில் விழும். "சோத்துக்கையால தின்னு மனே." மறுகா பள்ளிக்கூடத்தில் அடிமட்டத்தால் அடி. (மறுகா என்றெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று மாதம் தவறாமல் கேட்கும் கொழும்பு அன்பர் இந்த மாதமும் முத்திரை வாங்கிக்கொள்ளட்டும். மறுகா என்றால் பிறகு. மட்டக்களப்பில் அது இல்லாமல் ஒரு கதையும் நகராது.)

நீங்கள் கேட்ட இரண்டு ஆட்டமும் நம்மைச் சேர்ப்பதில்லை. போலோவில் இடக்கையால் தடி பிடிக்கவே கூடாது, சட்டம். எதிரெதிரே வரும் இருவரும் பந்தைத் தத்தம் வலப்பக்கம் வைத்து வந்தால், பந்து நடுவில் கிடக்கக் குதிரைகள் விலகிப் போய்விடும். ஒருவர் இடக்கைக்காரர் என்றால் இரண்டும் ஒரே கோட்டில் வந்து நெற்றியோடு நெற்றி முட்டும். ஒவ்வொன்றும் 400 கிலோவுக்கு மேல். சரி, உயிர்ப் பயம், ஒத்துக்கொள்கிறேன். ஹொக்கிக்கு என்ன வந்தது? அந்தத் தடிக்கு இடப்பக்கம் மட்டும்தான் தட்டை. பின்புறத்தால் பந்தை அடித்தால் விசில் ஊதிவிடுவார்கள். இடக்கைக்காரருக்கென்று மறுபக்கம் தட்டையாகச் செய்த தடிக்கு அனுமதியே இல்லை.

ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். ஹொக்கித் தடியின் மேல் நுனியைப் பிடித்திருப்பது இடக்கை. பந்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தட்டிக்கொண்டு ஓடும்போது தடியைத் திருப்புவது அதுதான். வலக்கை கீழே குழாய் மாதிரித் தளர்வாக வளைந்திருக்கும், தடி அதற்குள் சுழலும். 1936 பெர்லின் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் தியான் சந்தின் இந்திய அணி ஜேர்மனியை 8-1 என்று சாய்த்தபோதும் திருப்பிய கை இடக்கைதான். போலோவில்? தடி வலக்கையில், கடிவாளம் இடக்கையில். குதிரை எங்கே திரும்புவது, எப்போது நிற்பது எல்லாம் இடக்கையின் பாடு. கோல் விழுந்ததும் படம் பிடிப்பது வலக்கையை. எங்கள் அச்சகத்திலும் இப்படித்தான், விரித்தால் பக்கம் போதாது.

கிரிக்கெட்டை நான் இந்தப் பக்கத்தில் திட்டித்தான் பழக்கம், ஊரில் இருக்கிற வெறுங்காணியையெல்லாம் விழுங்கிவிட்டதே. ஆனாலும் 1996இல் உலகக் கிண்ணம் கொண்டுவந்த அணியில் ஜயசூரிய, குருசிங்க, ரணதுங்க மூவரும் இடக்கைத் துடுப்பாட்டக்காரர்கள். அதற்காக இந்த ஒரு வரி. அடுத்த மாதம் மறுபடி திட்டுவேன்.

எது கடினம் என்றீர்கள். காசுக்குப் போலோ. ஒரு பக்கத்துக்கு நால்வர்தான், மைதானமோ கிட்டத்தட்ட 10 ஏக்கர். அவ்வளவு வயலைப் புல்லுக்கு விடச் சொல்லி எந்தப் போடியாரிடம் போய்க் கேட்பீர்கள்? சக்கர் என்று சொல்லும் 7 நிமிட ஆட்டப் பகுதி ஒன்று முடிந்தால் குதிரையை மாற்றுவார்கள், மேலே இருப்பவர் அப்படியே இருப்பார். ஹொக்கியில் களைத்தால் மாறுவது ஆள்.

குதிரை மேல் ஹொக்கி என்று நீங்கள் மட்டும் சொல்லவில்லை. 1869இல் இங்கிலாந்தில் பட்டாள அதிகாரிகள் ஆடத் தொடங்கியபோது அங்கேயும் அப்படித்தான் சொன்னார்கள். மணிப்பூர்க்காரர் அதைச் சகோல் காங்ஜெய் என்று ஆடிக்கொண்டிருந்தது அதற்கெல்லாம் வெகு முன்பே.

எனக்கும் குதிரை அனுபவம் உண்டு. ஏறி அல்ல. வேட்டைத் திருவிழாவில் மரக்குதிரை வாகனத்தை இடத்தோளில் காவ ஆள் குறைந்தால் என்னைத்தான் தேடி வருவார்கள். அந்த ஒரு நாள் மட்டும் யாரும் அகப்பைக் காம்பை எடுத்ததில்லை.

அப்புறம், உங்கள் கையெழுத்து அப்படியொன்றும் மோசமில்லை. 'போலோ' மட்டும் எனக்குப் 'புலு' என்று தெரிந்தது. அதுவும் பிழை இல்லை. பாகிஸ்தானின் வடக்கே மலைநாடான பல்திஸ்தானில் பந்துக்குப் பெயர் புலு, போலோ என்ற சொல் வந்ததே அங்கிருந்துதான்.