சிலோன் போறீங்களா? சாப்பாட்டைப் பத்தி மாஸ்டர்கிட்ட கேட்டது

குன்னூர்ல முப்பது வருஷமா பேக்கரி மாஸ்டர் வேலை பார்க்கிறேன். பொறந்தது இலங்கையில ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்துல, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுல. 1964ல போட்ட சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால இங்க வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பத்துல எங்களதும் ஒண்ணு. நான் சின்னப் பையனா இருக்கும்போது தலைமன்னார்ல ராமானுஜம் கப்பல் ஏறி ராமேஸ்வரத்துல இறங்கினோம். அக்கா மட்டும் கல்யாணம் முடிஞ்சு அங்கேயே நின்னுட்டாங்க. அவங்களைப் பார்க்க ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை போய் வருவேன்.

2023ல நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் விட்டதிலிருந்து, வர்க்கி வாங்க வர்றவங்க பில்லு போட நிக்கிற நேரத்துல கேட்கிறதெல்லாம் இதுதான்: "நாங்களும் போறோம் மாஸ்டர், எங்க சாப்பிடறது?" ஒவ்வொருத்தருக்கா சொல்லி மாளலை. கேட்டதையும் சொன்னதையும் சேர்த்து எழுதிட்டேன்.

கோத்தகிரி தம்பி ஒருத்தர்: மாஸ்டர், கொழும்புல நல்ல கடையா ஒரு பத்துப் பேரு சொல்லுங்க.

கடைப் பேரை விடுங்க தம்பி, மணியைக் கேளுங்க. அந்த ஊர்ல ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நேரம் இருக்கு. காலையில பாண், பருப்பு, தேங்காய்ச் சம்பல், இல்லைன்னா இடியப்பமும் சொதியும் (தேங்காய்ப்பால் குழம்பு). பாண்ணா நம்ம பிரெட்தான், போர்த்துக்கீசியர் விட்டுட்டுப் போன சொல்லு. மத்தியானம் பன்னிரண்டுல இருந்து ரெண்டு வரைக்கும் சோறு. சிவப்பரிசியா வெள்ளையான்னு கேப்பாங்க. பருப்பு, ரெண்டு மூணு மரக்கறி, மீனோ கோழியோ ஒண்ணு, மேல ஒரு பப்படம். ரெண்டரைக்குப் போனா சட்டி சுரண்டுற சத்தம்தான் காதுல விழும். நாலு மணிக்குத் தேத்தண்ணியும் கடிக்க ஏதாவதும். அப்பமும் கொத்தும் அடுப்புக்கு வர்றது பொழுது சாஞ்சதுக்கு அப்புறம். மதியம் கொத்து கேட்டீங்கன்னா "பின்னேரம் வாங்க"ன்னு அனுப்பிடுவாங்க. ராத்திரி சோறு கேட்டா ஃபிரைட் ரைஸ் வரும். அதுக்கு நீங்க கோத்தகிரியை விட்டே கிளம்ப வேண்டாம்.

அந்தந்த நேரத்துக்கு எந்தக் கடையில ஆட்டோக்காரங்க கூட்டமா நிக்கிறாங்களோ அங்க உள்ளே போங்க. இந்தக் கணக்கு என்னை ஏமாத்தினதே இல்லை.

அதே தம்பி: கொத்து ரொட்டின்னா நம்ம கொத்து பரோட்டாதானே? அதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

இந்தக் கேள்விக்கு எங்க அக்கா வீட்டுக்காரர் முன்னாடி உங்களை நிறுத்தணும்!

இங்க நாம கொத்துறது அடுக்கடுக்கா இருக்கிற பரோட்டாவை. அங்க கோதம்ப ரொட்டின்னு ஒண்ணு, எண்ணெய்ல ஊறின மாவை வீசி வீசி மெல்லிசா ஆக்கிச் சுடுறது. அடுக்கு கிடையாது, துவண்டு கிடக்கும். அதைப் பட்டையா நறுக்கிக் குவிச்சு வெச்சிருப்பாங்க. ஆர்டர் வந்ததும் கல்லுல வெங்காயம், பச்சை மிளகாய், கேரட், கோஸ், லீக்ஸ் (பெரிய வெங்காயத்தாள் மாதிரி) விழும். லீக்ஸ் இல்லாத கொத்தை நான் கொத்துன்னு ஒத்துக்க மாட்டேன். அதுவும் கேரட்டும் நுவரெலியா பக்கம் மலையில விளையுறது, நம்ம ஊட்டி கேரட் மாதிரி. அப்புறம் முட்டை, ரொட்டி, கோழிக்கறி, கடைசியா ஒரு கரண்டி குழம்பு.

மாஸ்டர் ரெண்டு கையிலயும் கூர் இல்லாத இரும்புத் தகடு வெச்சுக் கொத்துவார். அந்தத் தாளம் தெருமுனை வரைக்கும் கேட்கும். நான் பார்த்த ஒருத்தர் ஆர்டருக்கு ஆர்டர் தாளத்தை மாத்துவார். பார்சலுக்கு ஒரு அடி, உட்கார்ந்து சாப்பிடறவங்களுக்கு ஒரு அடி. இலையில விழும்போது ரொட்டி பொடியாகாம, விரல் நகம் அளவுக்குத் துண்டு துண்டா இருக்கணும். மாவா போயிருந்தா கை ஓடாத மாஸ்டர்னு அர்த்தம். கொழும்புல, காலி ஊருக்குப் போற காலி வீதியில இருக்கிற பிலாவூஸ் கடை கொத்துக்குப் பேர் போனது, சீஸ் கொத்துக்கு அங்க பொடிசுங்க கூட்டம் அலைமோதும். எனக்குச் சீஸ் போட்டது ஒத்து வரலை. வயசு காரணமா இருக்கும்.

ஒரு பிளேட்டு ரெண்டு பேருக்குத் தாராளம். பசியில ஆளுக்கொண்ணு சொல்லிடாதீங்க.

ஊட்டி, ஓய்வுபெற்ற டீச்சரம்மா: நான் சுத்த சைவம். மீன் தீவாச்சே, பட்டினிதானா?

பட்டினி கிடக்க விட மாட்டாங்க டீச்சர். ஆனா ஒரு கண்ணி இருக்கு, அதைத் தெரிஞ்சுக்கோங்க. மாசின்னு ஒண்ணு, சூரை மீனை அவிச்சுப் புகைபோட்டுக் காயவெச்சு மரக்கட்டை மாதிரி ஆக்கினது. அதை இடிச்சுத் தேங்காய்ச் சம்பல்ல போடுவாங்க, மிளகாய் அரைச்ச கட்டச் சம்பல்ல போடுவாங்க, சில இடத்துல கீரையிலயும் போடுவாங்க. அவங்க கணக்குல அது மீனே இல்லை, உப்பு மாதிரி! "மரக்கறி மட்டும்தானே?"ன்னு கேட்டா "ஓம்"னுதான், அதாவது ஆமான்னுதான் பதில் வரும். அதனால "மாசி போட்டிருக்கா?"ன்னு தனியா கேளுங்க. சிங்களக் கடையில "உம்பலகட எபா"ன்னா போதும், மாசி வேண்டாம்னு புரிஞ்சுக்குவாங்க.

இந்தக் கவலையே வேண்டாம்னா சைவக் கடைக்குப் போங்க. கொழும்புல வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, செட்டியார் தெருப் பக்கம் நிறைய இருக்கு. யாழ்ப்பாணத்துல சந்தைக்குப் பக்கத்துல மலாயன் கஃபே, பழைய கடை, வாழை இலைச் சாப்பாடு. சாயங்காலம் நல்லூர் கோயிலுக்குப் போயிட்டு அப்படியே ரியோவில ஐஸ்கிரீம். நல்லூருக்குப் போன குழந்தை எதுவும் அதைத் தாண்டி வந்ததில்லை.

இன்னொண்ணு, அங்க விவசாயத் திணைக்களம் 'ஹெல பொஜுன்'னு உணவகங்கள் வெச்சிருக்கு. கண்டிக்குப் பக்கத்துல கன்னொருவையில ஒண்ணு இருக்கு. கிராமத்துப் பெண்கள் ஆளுக்கொரு அடுப்புல நின்னு கண்ணு முன்னாடி செஞ்சு தர்றாங்க. குரக்கன் ரொட்டி, இலைக்கஞ்சி, வல்லாரை. குரக்கன்னா நம்ம ராகிதான், மலைக்காரங்களுக்குச் சொல்லித் தரணுமா?

வெலிங்டன், ஒரு அண்ணி: போன தடவை ஒரு டீக்கடையில உட்கார்ந்ததுமே கேட்காம ஒரு தட்டு நிறைய பலகாரம் கொண்டுவந்து வெச்சாங்க. பயந்துபோய் எழுந்து வந்துட்டோம். ஏமாத்து வேலையா?

ஐயோ, இல்லை அண்ணி! அதுதான் அங்க வழக்கம். 'ஷார்ட் ஈட்ஸ்'னு சொல்வாங்க. ரோல்ஸ், கட்லட், மீன் பணிஸ் (பணிஸ்னா நம்ம பன்), முக்கோணமா மடிச்ச ரொட்டி, வடை எல்லாம் கலந்து ஒரே தட்டுல வெச்சுட்டுப் போயிடுவாங்க. நீங்க எடுத்ததுக்கு மட்டும்தான் காசு. கடைக்காரர் மிச்சத்தை எண்ணிப் பார்த்துக் கணக்குச் சொல்வார். இது தெரியாம என் மருமகன் முதல் தடவை வந்தப்போ, மிச்சம் வெச்சா மரியாதை இல்லைன்னு எட்டு உருப்படியையும் தின்னு தீர்த்தான். ராத்திரி முழுக்க ஓமத் தண்ணி குடிச்சுட்டுக் கிடந்தான்.

ஒண்ணே ஒண்ணு: ஒரு கட்லட்டை நசுக்கிப் பார்த்துட்டுத் திரும்ப வெக்காதீங்க. அந்தத் தட்டு அடுத்த மேசைக்கும் போகும்.

பேக்கரிக்காரனா ஒரு வார்த்தை. மீன் பணிஸ் சூடா இருந்தா மட்டும் வாங்குங்க. உள்ளே உருளைக்கிழங்கும் மீனும் மிளகும். ஆறிப்போனா மாவு ஈரத்தை இழுத்துச் சொதசொதன்னு ஆயிடும். நம்ம வர்க்கி நாலு நாள் தாங்கும், அது நாலு மணி நேரம் தாங்குறதே பெரிசு. காலையிலயும் சாயங்காலமும் ஆட்டோவில மெட்டுப் போட்டுக்கிட்டுப் பாண் வண்டி வரும். அதுல வர்ற கிம்புலா பணிஸ், முதலை வடிவத்துல நீளமா, மேல சீனி தூவினது. அதை இங்க போட்டுப் பார்த்தேன், முதலை வரலை, ஓணான்தான் வந்தது.

கட்டபெட்டு, டீ ஃபேக்டரியில வேலை பார்க்கிறவர்: நம்ம டீயை விட அங்க டீ உசத்தியா? உண்மையைச் சொல்லணும்.

சண்டைக்கு இழுக்கிறீங்க. அங்க பெரும்பாலும் ஆர்த்தோடாக்ஸ், இலையை முறுக்கி எடுக்கிறது. நம்ம மலையில விவசாயிங்ககிட்ட பச்சை இலை வாங்குற ஃபேக்டரியில பெரும்பாலும் ஓடுறது சி.டி.சி., இலையை நசுக்கிக் கிழிச்சுச் சுருட்டிக் குருணையாக்குறது. சி.டி.சி. தூளுக்குப் பால் சேர்ந்தாத்தான் அழகு. அங்க தூளுக்கு அது தேவையில்லை. அதனால கடையில 'பிளேன்டீ' கேளுங்க. பால் இல்லாம, இஞ்சி தட்டிப் போட்டது. சீனியைக் கலக்காம, உள்ளங்கையில ஒரு துண்டு கித்துள் (கூந்தப்பனை) கருப்பட்டி வெச்சு, கடிச்சுக் கடிச்சுக் குடிக்கிறதுதான் முறை. கருப்பட்டி நாக்குல கரையும்போது துவர்ப்பு வந்து விழும் பாருங்க, அந்த ஒரு வாய்க்குத்தான் நான் கப்பல் ஏறுறேன்.

பால் டீ கேட்டா ஏமாந்துடுவீங்க. கடைகள்ல பெரும்பாலும் பால்மாவுதான். உயரத் தூக்கி ஆத்தி நுரை கட்டிக் கொடுப்பாங்க, பார்க்க நல்லா இருக்கும். கறந்த பால்ல டீ குடிச்சுப் பழகின நமக்கு அது வேற வஸ்து. சீனியும் அள்ளிப் போடுவாங்க. "சீனி அடு"ன்னா குறைச்சுப் போடுவாங்க.

அரவங்காடு, ரெண்டு குழந்தைகளோட அம்மா: காரம் தாங்குமா அண்ணே?

தாங்காது. இடியப்பம், பால் சொதி, பருப்பு, வெறும் அப்பம், இதையே கொடுங்க. "மிரிஸ் அடு"ன்னு சொல்லிப் பாருங்க, ஓரளவு கேப்பாங்க. பசங்களுக்கு எருமைத் தயிரை மண்சட்டியோட வாங்கி மேல கித்துள் பாணி (பாகு) ஊத்திக் கொடுங்க, அடுத்த வேளையும் அதையேதான் கேப்பாங்க. வழியில ஆரஞ்சு நிறத்துல செவ்விளநீர் தொங்கும். நம்ம மலையில பிளாஸ்டிக் பாட்டிலுக்கு அபராதம் கட்டிப் பழகின குடும்பத்துக்கு அதுதான் சரி.

கூடலூர் பாய் ஒருத்தர்: ஹலால் கிடைக்குமா?

தாராளமா. கொத்து, புரியாணிக் கடை நிறைய முஸ்லிம்கள் நடத்துறதுதான். சாப்பிட்டு முடிச்சு வட்டலப்பம் மறந்துடாதீங்க, தேங்காய்ப்பாலும் முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து அவிச்ச இனிப்பு.

பேரு போட வேண்டாம்னு சொன்ன ஒரு தம்பி: மாஸ்டர்... மத்தது?

கேட்பேன்னு தெரியும். தென்னங்கள்ளுல இருந்து வடிச்ச சாராயம் அங்க பேர் போனது, இஞ்சி சோடா கலந்து குடிக்கிறாங்க. நம்ம மாநிலத்துல தடை இருக்கிற கள்ளு, யாழ்ப்பாணத்துல தவறணையில, அதாவது கள்ளுக்கடையில, காலையிலயே கிடைக்கும். பனங்கள்ளு. சாயங்காலம் ஆச்சுன்னா புளிச்சு ஏறிடும். 21 வயசு ஆகியிருக்கணும். பௌர்ணமி அன்னிக்குப் போயா லீவு, தீவு முழுக்க ஒரு சொட்டு விக்க மாட்டாங்க. காலண்டரைப் பார்த்து டிக்கெட் போடு. அம்மாகிட்ட நான் சொல்லலை.

ஊட்டி, புதுசா கல்யாணம் ஆனவங்க: தெற்குக் கடற்கரையில மூணு நாள். மீன் எங்க சாப்பிடலாம்?

உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கம் மணல்லயே மேசை போட்டு, ஐஸ் மேல மீனைப் பரப்பி வெச்சிருப்பாங்க. மீனைத் தொடுறதுக்கு முன்னாடி விலை கேளுங்க: கிலோ விலையா, உருப்படி விலையா, சுட்டுத் தர்ற கூலி அதுல சேர்த்தியா? முழுசா எடை போட்டுக் காட்டச் சொல்லுங்க. ஒரு தடவை கேட்காம உட்கார்ந்து, பில்லு வந்தப்போ மூச்சு நின்னவன் நான். டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும்தான் அந்தப் பக்கம் கடல் அமைதி. மே தாண்டிப் போறதா இருந்தா கிழக்கே அறுகம்பே பக்கம் பாருங்க.

ஒரு நாளாவது கடற்கரையை விட்டு உள்ளே ஒரு தெரு நடந்து போய், மதியச் சோத்துக்கடையில அம்புல் தியல் கேளுங்க. கொறுக்காய் போட்டுக் கருக்கருன்னு சுண்ட வெச்ச சூரை. நம்ம மலையாளக் கடைக் கொடம்புளி வாசம் வரும்.

அதே ஜோடி: எல்லங்கிற மலையூர்ல கஃபே எல்லாம் அழகா இருக்குன்னு...

அழகுதான். போட்டோ எடுங்க, ஒரு காபி குடிங்க, சாப்பாட்டுக்குக் கீழே இறங்கி வாங்க.

குன்னூர் மார்க்கெட் வியாபாரி: செலவு?

விலைப் பலகையைப் பார்த்து மிரளாதீங்க. நம்ம ஒரு ரூபாய்க்கு அவங்க மூணு ரூபாய்க்கு மேல வரும், வகுத்துப் பாருங்க. சின்னக் கடையில கைக்காசுதான். பெரிய இடத்துல பில்லுக்கு மேல பத்து சதவீதம் சர்வீஸ் சேர்ப்பாங்க.

கடற்கரையில காசு கம்மியா, நிறைவா வேணும்னா கொழும்பு காலிமுகத்திடல் வண்டிகள்ல இறால் வடை. வடை மேல முழு இறால் பதிஞ்சிருக்கும், வெங்காயமும் மிளகாயும் தூவித் தருவாங்க. எனக்குக் கொடுத்த பொட்டலம் ஏதோ பையனோட கணக்குப் பரீட்சைப் பேப்பர். எண்ணெய் ஊறி சிவப்பு மை தெரிஞ்சது, நூத்துக்கு முப்பத்தெட்டு. பாவம், வகுத்தல்ல கோட்டை விட்டிருந்தான்.

டேன்டீ (அரசுத் தேயிலைத் தோட்டம்) குடியிருப்பிலிருந்து ஒரு பாட்டி, பேத்தி போன் பண்ணிக் கேட்டது: ஹட்டன் ஸ்டேஷன் பக்கத்துல அவங்க அப்பா தேத்தண்ணியும் ரொட்டியும் வாங்கித் தந்த கடை இருக்கான்னு பாட்டி கேட்கிறாங்க.

போன தடவை பாட்டி சொன்ன அடையாளத்தை வெச்சுத் தேடினேன்மா. அந்த வரிசையில இப்போ செல்போன் கடை. ஆனா ரெண்டு கட்டிடம் தள்ளி ஒரு அம்மா தேங்காய்ப்பூ போட்ட ரொட்டி தட்டிக்கிட்டிருந்தாங்க. கையால தட்டின தடம் ரொட்டி மேல அப்படியே இருந்தது, கட்டச் சம்பல் அம்மியில அரைச்சது. ரொட்டி இங்க வர்றதுக்குள்ள காஞ்சுடும்னு வாங்கலை. கித்துள் கருப்பட்டி ஒரு வட்டு வாங்கி வெச்சிருக்கேன். செவ்வாய்க்கிழமை கடை லீவு, மத்த நாள்ல காலையில பத்து மணிக்கு மேல வந்தா நான் அடுப்படியிலதான் இருப்பேன், பாட்டிக்குன்னு கேட்டு வாங்கிக்கோ.