மாதவிலக்குக்கு முன் மார்பக வலி: மூலிகையில் குணமாகுமா?

கேள்வி: எனக்கு வயது 36. இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். ஓராண்டாக, மாதவிலக்கு வருவதற்குப் பத்து நாட்கள் இருக்கும்போதே இரண்டு மார்பகங்களும் கனத்து வலிக்க ஆரம்பித்துவிடுகின்றன. சின்னவன் ஓடிவந்து கட்டிக்கொண்டால்கூட உயிர் போகிறது. விலக்கு வந்த இரண்டாம் நாள் வலி தானாகப் போய்விடுகிறது. புற்றுநோயாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. மாத்திரை சாப்பிட விருப்பமில்லை. ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் கேப்சூல் நல்லது என்று தோழி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். ஆளிவிதையும் சாப்பிடலாம் என்கிறார்கள். இயற்கை முறையிலேயே இதைச் சரிசெய்ய முடியுமா? தைராய்டு குறைவுக்குத் தினமும் மாத்திரை எடுத்துக்கொள்கிறேன்.

பதில்: முதலில் உங்கள் பயத்தைப் பற்றிப் பேசிவிடுவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு நிம்மதி தந்த வரி, ‘விலக்கு வந்த இரண்டாம் நாள் வலி தானாகப் போய்விடுகிறது’ என்பதுதான். புற்றுநோய்க் கட்டி மாதவிலக்குத் தேதியைப் பார்த்து வந்துபோவதில்லை. அதோடு, வலியை மட்டுமே அறிகுறியாகக் கொண்டு மார்பகப் புற்றுநோய் வெளிப்படுவது அரிது. இரண்டு பக்கமும் ஒன்றாகக் கனப்பது, விலக்குக்கு முன் ஏறுவது, வந்ததும் இறங்குவது என எல்லாமே மாதச் சுழற்சியோடு வரும் சாதாரண மார்பக வலியின் அடையாளங்கள். மார்பக வலியோடு வருபவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேருக்கு இந்த வகைதான்.

இது ஏன் வருகிறது? கருமுட்டை வெளியானதும் புரோஜெஸ்டிரான் என்ற பெண் ஹார்மோன் ஏறுகிறது, இன்னொரு பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜெனும் கூடவே இருக்கிறது. கர்ப்பம் தங்கினால் தேவைப்படுமே என்று பால் சுரப்பிகளும் குழாய்களும் விரிகின்றன, திசுவில் நீர் கோக்கிறது. வலி பெரும்பாலும் மார்பகத்தின் மேல்பகுதியில், அக்குளை ஒட்டிய பக்கத்தில் அதிகமாக இருப்பதற்குக் காரணம், சுரப்பித் திசு அங்கேதான் அடர்த்தி. இந்த வலி உள்ள பல பெண்களுக்கு ரத்தத்தில் ஹார்மோன் அளவைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். அளவு கூடிவிட்டது என்பதல்ல, அந்த ஏற்ற இறக்கத்துக்கு அவர்களுடைய மார்பகத் திசு கொஞ்சம் கூடுதலாக எதிர்வினை காட்டுகிறது. ஆகவே நீண்ட ஹார்மோன் பரிசோதனைப் பட்டியலுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். உங்களுக்குத் தைராய்டு குறைவு இருப்பதால் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். தைராய்டு கட்டுக்குள் இல்லாவிட்டால் பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் ஏறலாம், அதனாலும் மார்பகம் வலிக்கும்.

மூலிகைக்குப் போவதற்கு முன் ஒரு வேலை செய்ய வேண்டும். ஒரு காலண்டரை எடுத்து, தினமும் இரவு படுக்கும் முன் அன்றைய வலிக்கு பூஜ்ஜியத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் எழுதுங்கள். விலக்கு நாட்களை வட்டமிடுங்கள். வலி ஒரு பக்கம் மட்டுமா, இரண்டு பக்கமுமா என்பதையும் ஒரு எழுத்தால் குறித்துவிடுங்கள். இரண்டு சுழற்சி முடிந்ததும் அந்தத் தாளைப் பார்த்தாலே விஷயம் புரிந்துவிடும். எண்கள் விலக்கை நோக்கி ஏறி, பிறகு பூஜ்ஜியத்துக்கு விழுந்தால் இது மாதச் சுழற்சி வலிதான். தாறுமாறாக இருந்தாலோ, ஒரே பக்கம் ஒரே இடம் என்று வந்தாலோ காரணம் வேறு. பின்னால் ஏதாவது சாப்பிட்டுப் பார்க்கும்போது, அது உண்மையில் வேலை செய்கிறதா என்று சொல்லப்போவதும் இந்தத் தாள்தான். இது இல்லாமல் மூலிகையைத் தொடங்கினால், தானாகக் குறைந்த மாதத்துக்கு மூலிகைக்குப் பெயர் கிடைக்கும்.

இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். ஒருக்களித்துப் படுத்தால் மார்பகம் ஒரு பக்கமாகச் சரியும். அப்போது வெளியே தெரியும் விலா எலும்பின் மேல், குறிப்பாக நெஞ்செலும்பை ஒட்டிய மூட்டுகளில், விரலால் அழுத்துங்கள். ‘ஆமாம், இதே வலிதான்’ என்று தோன்றினால் வலி இருப்பது மார்பகத்தில் அல்ல, நெஞ்சுக்கூட்டில். குழந்தையைத் தூக்கித் தூக்கி இந்த வலி வந்தவர்கள் நிறைய உண்டு. அவர்கள் ஆளிவிதையை எத்தனை மாதம் சாப்பிட்டாலும் பயனிருக்காது.

சரி, இனி சிகிச்சைக்கு வருவோம். யாரும் மருந்தாகவே நினைக்காத ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். சரியான அளவுள்ள பிரா. இரண்டு பிரசவத்துக்குப் பிறகும் பழைய அளவையே வாங்குபவர்கள்தான் அதிகம். வலி நாட்களில் மார்பகம் வேறு கொஞ்சம் பெருத்திருக்கும். மற்ற நாளில் பொருந்தும் பிரா அன்றைக்கு இறுக்கும். எலாஸ்டிக் தளர்ந்து போனதாக இருந்தால் தாங்காது, ஒவ்வொரு அடிக்கும் மார்பகம் குலுங்கி உள்ளே இருக்கும் தசைநார்களை இழுக்கும். வலி நாட்களில் ஓர் அளவு தளர்வான, ஆனால் நன்றாகத் தாங்கிப் பிடிக்கும் ஸ்போர்ட்ஸ் பிரா போடுங்கள். இரவில் திரும்பிப் படுக்கும்போது வலித்து விழிப்பு வந்தால், கம்பியில்லாத மெல்லிய பிராவோடு தூங்கலாம். இதில் மட்டுமே பாதி வலி குறைந்தது என்று சொல்லும் பெண்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

மூலிகை வகையில் என் முதல் தேர்வு ஆளிவிதை. கனடாவின் மகப்பேறு மருத்துவர் சங்கம் 2006-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், மாதச் சுழற்சி மார்பக வலிக்கு முதல்கட்டமாகவே இதைச் சேர்த்தது. அதற்கு முன் அங்கே நடந்த ஓர் ஆய்வில் தினமும் 25 கிராம் ஆளிவிதை கொடுத்தபோது வலி குறைந்தது. இதில் லிக்னன் என்ற பொருள் நிறைய உண்டு. குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அதை மிக மென்மையான ஈஸ்ட்ரோஜென் போன்ற பொருளாக மாற்றுகின்றன. அது நம் சொந்த ஈஸ்ட்ரோஜெனின் வேகத்தைச் சற்று மட்டுப்படுத்துகிறது என்று கருதப்படுகிறது. பெரிய மந்திரம் ஒன்றுமில்லை, ஆய்வுகளும் சிறியவைதான். ஆனாலும் செலவு குறைவு, பாதிப்பு குறைவு, மலச்சிக்கலுக்கும் நல்லது. முயன்று பார்க்கத் தகுந்தது.

சாப்பிடும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். முழு விதையை அப்படியே விழுங்கினால் அது அப்படியே வெளியே வந்துவிடும். மிக்ஸியில் பொடியாக்க வேண்டும். பொடியாக்கியதும் அதிலுள்ள எண்ணெய் காற்றுபட்டுக் காறத் தொடங்கும். எனவே நாலைந்து நாளைக்கு ஆவதை மட்டும் அரைத்து, காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். 25 கிராம் என்பது சுமாராக மூன்றரை மேசைக்கரண்டிப் பொடி. முதல் நாளே அவ்வளவையும் சாப்பிட்டால் வயிறு உப்பிக்கொள்ளும். ஒரு கரண்டியில் ஆரம்பித்து இரண்டு வாரத்தில் முழு அளவுக்கு வாருங்கள். தயிரிலோ வேறு உணவிலோ கலந்துகொள்ளலாம். கூடவே தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த நார்ச்சத்தே மலத்தை இறுக்கிவிடும். ஆளிவிதை எண்ணெய் இதற்கு ஈடாகாது. லிக்னன் விதையில்தான் இருக்கிறது, எண்ணெயில் மிகக் குறைவு. மூன்று சுழற்சி விடாமல் சாப்பிட்டுப் பாருங்கள். காலண்டரில் எண் குறையவில்லை என்றால் நிறுத்திவிடலாம்.

தோழி வாங்கிக் கொடுத்த கேப்சூலைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெயை ஒரு காலத்தில் மருத்துவர்களே எழுதிக் கொடுத்தார்கள். பிரிட்டனில் மார்பக வலிக்கென்றே மருந்து உரிமத்தோடு விற்கப்பட்டது. ஆனால் மருந்தே இல்லாத போலி மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. போதிய பலன் நிரூபிக்கப்படவில்லை என்று 2002-இல் அந்த உரிமம் திரும்பப் பெறப்பட்டது. அதை எடுத்துக்கொண்ட பெண்களுக்கு வலி குறைந்தது பொய்யல்ல. போலி மாத்திரை எடுத்தவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு குறைந்தது, அவ்வளவுதான். கையில் இருப்பதைச் சாப்பிட்டுப் பார்ப்பதில் தவறில்லை. சிலருக்குக் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு வரும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் தொட வேண்டாம். மறுபடி காசு போட்டு வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆளிவிதையையும் இதையும் ஒரே நேரத்தில் தொடங்கவும் வேண்டாம். எது வேலை செய்தது என்றே தெரியாமல் போய்விடும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் தேடினால் கண்ணில் படும்: சேஸ்ட்பெர்ரி என்ற மூலிகையின் பழத்திலிருந்து எடுக்கும் மருந்துச் சாரம். இது மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் வழியாகச் செயல்பட்டு புரோலாக்டினைக் குறைக்கிறது. விலக்குக்கு முந்தைய மார்பக வலிக்கு இது உதவுவதாகச் சில நல்ல ஆய்வுகள் இருக்கின்றன. ஹார்மோனையே தொடும் மூலிகை என்பதால் மருந்துக்குரிய மரியாதையோடுதான் இதை அணுக வேண்டும். கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், கருத்தடை மாத்திரையோ மனநோய் மருந்தோ எடுப்பவர்கள் தாங்களாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. நம் நொச்சி இதே குடும்பத்துச் செடிதான், ஆனால் இது அதுவல்ல. ஆகவே நொச்சி இலையைக் கஷாயம் வைத்துக் குடித்தால் இந்தப் பலன் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

வைட்டமின் ஈ பற்றிய ஆய்வுகள் முன்னுக்குப் பின் முரணானவை. வைட்டமின் பி6-க்கு இந்த வலியில் உறுதியான ஆதாரம் இல்லை, நீண்ட நாள் அதிக அளவில் எடுத்தால் நரம்பு பாதித்துக் கைகால் மரத்துப்போகும். காபியை நிறுத்தினால் வலி போகும் என்பதும் நிரூபணமாகவில்லை. ஒரு மாதம் குறைத்துப் பார்த்து வித்தியாசம் தெரிந்தால் தொடருங்கள், தெரியாவிட்டால் பிடித்த காபியைத் தியாகம் செய்ய வேண்டியதில்லை. அயோடின் சொட்டு மருந்து நல்லது என்று யாராவது சொன்னால், தைராய்டு உள்ள நீங்கள் அந்தப் பக்கமே போகக் கூடாது.

வெளியே தடவுவதைப் பொறுத்தவரை, துணியில் சுற்றிய குளிர் ஒத்தடமோ இளஞ்சூட்டு ஒத்தடமோ எது இதமாக இருக்கிறதோ அதைப் பத்து, பதினைந்து நிமிடம் கொடுங்கள். எண்ணெய் தடவி மெதுவாக நீவிவிடுவதும் இதம் தரும், அழுத்திப் பிசையக் கூடாது. பூண்டு, கடுகு போன்ற காரமானவற்றை அரைத்துப் பூசவே வேண்டாம். அந்த இடத்துத் தோல் மிக மென்மையானது, வெந்து புண்ணாகிவிடும். முட்டைக்கோஸ் இலை வைப்பது பால் கட்டிக்கொண்ட தாய்மார்களுக்குச் சொல்லப்படுவது, உங்கள் வலிக்கானது அல்ல.

மாத்திரை வேண்டாம் என்கிறீர்கள், அது புரிகிறது. ஆனால் டைக்ளோஃபெனாக் ஜெல் என்று ஒன்று இருப்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வலி நாட்களில் மட்டும் மார்பகத்தின் மேல் தடவிக்கொள்வது. ரத்தத்தில் கலப்பது மிகக் கொஞ்சம், வலியைக் குறைப்பதில் மேலே சொன்ன எந்த மூலிகையையும்விட நம்பகமானது. மூலிகை இல்லை என்பதற்காக அதை ஒதுக்கிவிட்டு மாதத்தில் பத்து நாள் அவதிப்படத் தேவையில்லை. ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், பாலூட்டுபவர்களும் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் பயன்படுத்தக் கூடாது.

ஒரு முறை நேரில் காட்டிவிடுங்கள் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். விலக்கு முடிந்த வாரத்தில் போனால் மார்பகம் மென்மையாக இருக்கும், கையால் பரிசோதிப்பது எளிது. பயத்தோடு மூலிகை சாப்பிடுவதைவிட, பரிசோதித்து ‘ஒன்றுமில்லை’ என்று கேட்ட பிறகு சாப்பிடுவது நல்லது. அந்த வார்த்தையைக் கேட்டதிலேயே வலி தாங்கும்படி ஆகிவிட்டது என்று சொல்லி, சிகிச்சையே வேண்டாம் என்று போகிறவர்கள்தான் பாதிக்கு மேல். விலக்கு முடிந்தும் கரையாத கட்டி, அக்குளில் கட்டி, காம்பிலிருந்து ரத்தமோ நீரோ தானாகக் கசிவது, புதிதாக உள்ளிழுத்த காம்பு, காம்பைச் சுற்றி ஆறாத புண், தோல் குழிவது அல்லது ஆரஞ்சுத் தோல் போலத் தடிப்பது, ஒரே பக்கம் ஒரே புள்ளியில் விடாத வலி, சிவந்து காய்ச்சல் வருவது என இவற்றில் எது இருந்தாலும் மூன்று மாதம் ஆளிவிதை சாப்பிட்டுப் பார்க்கலாம் என்று காத்திருக்கக் கூடாது. அந்த வாரமே போக வேண்டும். அம்மாவுக்கோ சகோதரிக்கோ மார்பகப் புற்றுநோய் இருந்திருந்தால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இயற்கை வைத்தியம் செய்துகொண்டே பல மாதங்களைத் தள்ளிவிட்டு வருபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது. அந்த மூலிகை அவர்களுக்குக் கெடுதல் செய்யவில்லை, காத்திருந்த காலம்தான் செய்தது. மார்பகப் புற்றுநோய் வந்து குணமானவர்களும், அதற்கான மாத்திரையில் இருப்பவர்களும் ஆளிவிதை, சோயா கேப்சூல், சேஸ்ட்பெர்ரி எதையும் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். விலக்கு தள்ளிப்போய் மார்பகம் வலித்தால், முதலில் கர்ப்பப் பரிசோதனை.

கடைசியாக உங்கள் தைராய்டு மாத்திரை. ஆளிவிதையின் நார்ச்சத்து மருந்து உடலில் சேர்வதைக் குறைக்கக்கூடும். மாத்திரையை வழக்கம்போலக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுக்கொள்ளுங்கள். ஆளிவிதைப் பொடியைக் காலை உணவில் சேர்க்காமல் மதியத்துக்கோ இரவுக்கோ தள்ளிவையுங்கள், குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி இருக்கட்டும். தினமும் சாப்பிடத் தொடங்கிய இரண்டு மாதத்தில் டிஎஸ்ஹெச்-ஐ மறுபடி ஒருமுறை பார்த்து, அளவு மாறியிருந்தால் மாத்திரையின் அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.