காலாவதியான பூச்சிமருந்தையும் கால்நடை மருந்தையும் அளவைக் கூட்டிப் பயன்படுத்தலாமா?

தேதி முடிந்த மருந்தில் வீரியம் சற்றுக் குறைந்திருக்கும், அளவைக் கொஞ்சம் கூட்டிக்கொண்டால் போதும் என்று விற்பவர்கள் சொல்வது உண்மையா, விலையைக் குறைத்து அதை விற்பதில் என்ன தவறு என்று கேட்டிருக்கிறீர்கள். பூச்சிமருந்துகளின் தரத்தைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்பதால் முதல் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். அது தெளிந்தால் இரண்டாவதற்குப் பெரிய விளக்கம் தேவைப்படாது.

வீரியம் குறையும் என்பது பாதி உண்மைதான். பூச்சியைக் கொல்லும் வேதிப்பொருள் சிதையும்போது அது மறைந்துபோவதில்லை, வேறொரு சேர்மமாக மாறுகிறது. அப்படி மாறியது மூலப்பொருளைவிடக் கொடிய நஞ்சாக இருப்பதும் உண்டு. டயசினான் என்ற பூச்சிமருந்தின் கரைசலில் சிறிதளவு ஈரம் புகுந்து நாட்பட இருந்தால், சல்ஃபோடெப் போன்ற பல மடங்கு நச்சுள்ள சேர்மங்கள் உண்டாகின்றன. மாலத்தியான் என்ற இன்னொரு பூச்சிமருந்தின் தூள் வெப்பத்தில் கிடந்தால் அதில் ஐசோமாலத்தியான் என்ற சேர்மம் உண்டாகிறது. மாலத்தியானைச் சிதைத்து நம்மைக் காப்பாற்றும் நொதி ஒன்று உடலில் இருக்கிறது, ஐசோமாலத்தியான் அந்த நொதியையே முடக்கிவிடும். 1976இல் பாகிஸ்தானில் மலேரியா ஒழிப்புக்காக மாலத்தியான் தெளித்த சுமார் 7,500 பணியாளர்களில் ஏறத்தாழ 2,800 பேர் நஞ்சால் பாதிக்கப்பட்டு 5 பேர் இறந்தார்கள். பயன்படுத்திய தூளில் ஐசோமாலத்தியான் கலந்திருந்ததே முக்கியக் காரணம் என்று பின்னர் கண்டறியப்பட்டது. அது காலாவதித் தேதியைப் பற்றிய நிகழ்வன்று, கையாண்ட முறையிலும் குறைகள் இருந்தன. ஆனாலும் மாசுபட்ட அல்லது சிதைந்த மருந்தின் அளவைக் கூட்டுகிறவர், எஞ்சியிருக்கும் வீரியத்தோடு சேர்த்து உள்ளே உண்டான நஞ்சையும் கூட்டுகிறார் என்பது இதிலிருந்து விளங்கும். எது எவ்வளவு இருக்கிறது என்பது ஆய்வகத்தில் சோதிக்காமல் யாருக்கும் தெரியாது. அப்படியிருக்க, எவ்வளவு கூட்டுவது என்று கடைக்காரர் எந்தக் கணக்கில் சொல்கிறார்?

பலரும் கவனிக்காத இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பாட்டிலில் மருந்து மட்டும் இருப்பதில்லை, அதைத் தண்ணீரோடு கலக்கச் செய்யும் பொருள்களும் உடன் இருக்கின்றன, அவையும் மூப்படைகின்றன. புதிய மருந்தைச் சந்தைக்கு அனுப்புமுன் 54 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 14 நாட்கள் வைத்து, மருந்தின் அளவையும் அது நீரில் கலக்கும் தன்மையையும் சோதிப்பது சர்வதேச வழக்கம். இவ்வகைச் சோதனைகளையும் நீண்டநாள் சேமிப்புச் சோதனைகளையும் கொண்டே, திறக்காத மூலக் கொள்கலனுக்குப் பொதுவாக இரண்டாண்டு என்பது போன்ற காலவரம்பு குறிக்கப்படுகிறது. பழைய மாதிரிகளில் மருந்தின் அளவு ஏறக்குறைய சரியாக இருந்தும், தண்ணீரில் ஊற்றியதும் பால்போல் கலக்காமல் எண்ணெய்ப் படலமாகப் பிரிந்து மிதப்பதைப் பார்த்திருக்கிறேன். அத்தகைய கலவையைத் தெளித்தால் சில வரிசைகளில் இலை கருகும், சில வரிசைகளில் பூச்சி அப்படியே இருக்கும். தண்ணீரில் கலந்து தெளிக்கும் நனையும் தூள் கட்டிபட்டுப்போனால் தெளிப்பானின் மூக்கு அடைத்துக்கொள்ளும். பயிர்நோயைத் தடுக்கும் ட்ரைக்கோடெர்மா பூஞ்சை போன்ற உயிரியல் தயாரிப்புகளில் வேலை செய்வது உயிருள்ள நுண்ணுயிரி என்பதால், அது செத்தபின் எத்தனை பாக்கெட் கொட்டினாலும் பயனில்லை.

கால்நடை மருந்துகளில் எனக்கு மிகவும் கவலை தருவது தடுப்பூசிதான். பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். தேதி முடிந்த தடுப்பூசியைப் போட்டவர் தம் மந்தைக்குப் பாதுகாப்பு கிடைத்துவிட்டதாக நம்பி மற்ற எச்சரிக்கைகளையும் தளர்த்திவிடுவார், போடாதவராவது விழிப்பாக இருப்பார். வீரியமிழந்த நுண்ணுயிர்க்கொல்லியும் குடற்புழு மருந்தும் குறைந்த அளவில் உடலுக்குள் சென்று, தாக்குப்பிடிக்கும் கிருமிகளையும் புழுக்களையும் பெருகவிடும். சிதைந்த டெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மனிதர்களின் சிறுநீரகத்தைப் பாதித்ததாக 1963இலேயே மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. மருந்து கொடுத்தபின் எத்தனை நாள் பாலையோ இறைச்சியையோ உணவுக்கு அனுப்பக்கூடாது என்று லேபிளில் உள்ள கணக்கும், காலாவதிக்கு முன்பு சரியான அளவில் கொடுத்தால்தான் பொருந்தும். அளவைக் கூட்டினால் அந்தக் கணக்கு செல்லாது.

மாத்திரைகள் தேதிக்குப் பிறகும் வேலை செய்கின்றனவே என்று சிலர் வாதிடுவார்கள். அமெரிக்க ராணுவக் கையிருப்பிலிருந்த மருந்துகளைப் பற்றி 2006இல் வெளிவந்த ஆய்வில், சோதித்த தொகுப்புகளில் 88 விழுக்காட்டின் காலத்தைக் குறைந்தது ஓராண்டு நீட்டிக்க முடிந்தது என்பது உண்மைதான். ஆனால் அவை பிரிக்கப்படாமல், கட்டுப்படுத்தப்பட்ட சூழலில் வைத்து, தொகுதி தொகுதியாகச் சோதிக்கப்பட்டவை. தகரக் கூரையின் கீழ் பாதி திறந்து கிடக்கும் பாட்டிலுக்கு அந்த முடிவு பொருந்தாது.

இனி விற்பனை. காலாவதியானதை விற்பது பெரும்பாலான நாடுகளில் சட்டப்படி குற்றம், லேபிளைச் சுரண்டி வேறு தேதி ஒட்டுவது அப்பட்டமான மோசடி. விலையைக் குறைத்தேன் என்பது சமாதானமாகாது, ஏனெனில் பயிரும் மாடும் போனால் ஏற்படும் இழப்பு அந்தத் தள்ளுபடியைவிடப் பன்மடங்கு பெரியது, அதைச் சுமப்பவரும் விற்றவர் அல்லர். விற்பனையாளர் செய்ய வேண்டியது, தேதி நெருங்கும் சரக்கை முன்கூட்டியே விநியோகஸ்தரிடம் திருப்புவதும், முடிந்ததை விற்பனைக்கில்லை என்று எழுதித் தனியே பூட்டி வைப்பதும்தான்.

வாங்குபவர் ஒரு பருவத்துக்குத் தேவையான அளவு மட்டும் வாங்கட்டும். தேதியில் மாதமும் ஆண்டும் மட்டும் இருந்தால் பொதுவாக அந்த மாதத்தின் கடைசி நாள் வரை செல்லும். ஊசிமருந்துக் குப்பியைத் திறந்தபின் எத்தனை நாள் வைக்கலாம் என்பது லேபிளில் தனியாக இருக்கும், அந்தக் கெடு அச்சிட்ட காலாவதித் தேதிக்கு வெகுமுன்பே முடிந்துவிடும். மீந்துபோன பூச்சிமருந்தை எரிக்கவோ, புதைக்கவோ, வாய்க்காலில் ஊற்றவோ கூடாது. மூலப் பாட்டிலிலேயே மூடி வைத்துக்கொண்டு, வேளாண்மை அலுவலரிடமோ விற்ற நிறுவனத்திடமோ ஒப்படைக்கும் வழியைக் கேளுங்கள். தேதி முடிந்த தடுப்பூசியையும் ஊசிமருந்தையும் கால்நடை மருத்துவரிடம் கொடுத்துவிடுங்கள்.