27 வருடம், ஒன்றரை வரி

வணக்கம் ஐயா,

நான் மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. என் அம்மாவின் அப்பாவுக்கு வருகிற ஆண்டு 85 வயது. கொள்ளுத்தாத்தா கணக்கப்பிள்ளையாக இருந்தவர், 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமை பெற்றவர். அதனால் தாத்தாவால் 1961இல் கடற்படையில் சேர முடிந்தது. மலையகத்திலிருந்து நேவிக்குப் போன முதல் ஆள் அவர்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். திருகோணமலையிலும் காரைநகரிலும் இருந்தார். கஜபாகு கப்பலில் எஞ்சின் அறையில் வேலை செய்தார். வெள்ளை யூனிபோமில் அவர் நிற்கும் படம் எங்கள் வீட்டு ஹோலில் இருக்கிறது. 1970இல் பொலிசில் சேர்ந்து, ஊவாவிலும் நுவரெலியா மாவட்டத்திலும் வேலை செய்து, 1997இல் சார்ஜன்டாக ஓய்வு பெற்றார்.

அவருடைய வாழ்க்கையை ஒரு சிறு நூலாகக் கொண்டுவர ஆசை. பழைய சேவைப் பதிவுகளை எங்கே பெறலாம்? எந்த இடத்தில் தொடங்கினால் நன்றாயிருக்கும்? நேவியை விரிவாக எழுதிவிட்டு, பொலிஸ் வாழ்க்கையை மேலோட்டமாகச் சொல்லி முடிக்கலாமா? தோட்டத்தில் இன்னும் எங்களைப் ‘பொலிஸ்காரன் வீடு’ என்றுதான் சொல்கிறார்கள். அதைக் கிளற வேண்டாம் என்று அம்மா நினைக்கிறார். நீங்கள் ஓர் அணிந்துரையும் தரவேண்டும்.

ச., மஸ்கெலியா

(கடிதம் சுருக்கப்பட்டிருக்கிறது.)

அன்புள்ள ச.,

கொஞ்ச நாளாக மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை உங்கள் கடிதம் பிடித்து வெளியே இழுத்துவிட்டது. என் அலுமாரியில் நம்மவர்களின் வாழ்க்கைக் கதைகளுக்கென்று ஒரு தட்டு இருக்கிறது. தொழிற்சங்கத் தலைவர்கள், அதிபர்மார், பெரியகங்காணி வம்சம் ஒன்றிரண்டு, ஒரு சாமியார். சீருடை போட்டவர் ஒருவரும் அதில் இல்லை. அப்படி ஆட்கள் நம்மிடம் இல்லாமலா போனார்கள்? பென்ஷன் எடுக்கிற நாளில் வங்கி வாசலில் பார்க்கலாம். தலைமுடி ஒட்ட வெட்டியிருக்கும், சப்பாத்து பளபளக்கும். பேச்சுக் கொடுத்தால் மழையைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். ‘முதல் ஆள்’ என்பதை வெட்டிவிடுங்கள். மலையகத்தின் முதல் பட்டதாரி, முதல் டொக்டர், முதல் வக்கீல் என்று ஒவ்வொரு நாற்காலிக்கும் மூன்று பேர் உரிமை கொண்டாடுகிறார்கள். நாலாவது நாற்காலிச் சண்டையை நீங்கள் தொடங்கி வைக்க வேண்டாம். சேவைப் பதிவுகள் பெரும்பாலும் உங்கள் வீட்டு ட்ரங்குப் பெட்டியிலேயே இருக்கும், முதலில் அதைத் திறந்து பாருங்கள். இல்லாவிட்டால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கடற்படைக்கும் பொலிஸ் திணைக்களத்துக்கும் தமிழிலேயே எழுதிக் கேளுங்கள். எங்கே தொடங்குவது என்றால், கொள்ளுத்தாத்தாவின் அந்தப் பிரஜாவுரிமைப் பத்திரத்தில் தொடங்கலாம். ‘பசுமை போர்த்திய மலைகளின் மடியில்’ என்று மட்டும் தொடங்காதீர்கள், புண்ணியமாகப் போகும்.

இனி அந்த மூன்றாவது கேள்வி. அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, மகள்.

உங்கள் முழுக் கடிதத்தில் நேவியில் இருந்த ஒன்பது வருடத்துக்கு இரண்டு பக்கம். பொலிசில் இருந்த 27 வருடத்துக்கு ஒன்றரை வரி. வெள்ளை யூனிபோமுக்கு ஹோலில் இடம் கொடுத்திருக்கிறீர்கள். காக்கிச் சட்டையோடு அந்த மனிதர் ஒரு படம்கூடவா எடுத்திருக்க மாட்டார்?

நேவியைக் குறைத்துச் சொல்லவில்லை. கஜபாகு கனடாவில் கட்டப்பட்டு, இஸ்ரேலின் கைக்குப் போய், 1959இல் நம்மிடம் வந்து சேர்ந்த பழைய போர்க்கப்பல். கம்பளி போர்த்திக்கொண்டு வளர்ந்த தோட்டத்துப் பையன் அதன் எஞ்சின் அறைச் சூட்டில் எப்படி நின்றான் என்று கேட்டு எழுதுங்கள், நன்றாக வரும். ஆனால் காரைநகரை ‘அழகிய கடற்கரை’ என்று எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்களே. அந்த நாளில் வடக்குக் கடலில் நேவியின் பெரிய வேலைகளில் ஒன்று, தென்னிந்தியாவிலிருந்து களவாக வருகிற தோணிகளை மறிப்பது. அதே நாட்களில் நம் ஆட்களை பஸ்ஸிலும் ரயிலிலும் ‘கள்ளத்தோணி’ என்றுதான் கூப்பிட்டார்கள். 1964 ஒக்டோபரில் அவர் கடற்படையில் இருக்கும்போதுதான் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. நாடற்றிருந்த நம் ஆட்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இங்கே, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். உங்கள் தாத்தாவின் சித்தப்பா, பெரியம்மா பிள்ளைகள் எந்தக் கணக்கில் போனார்கள்? தலைமன்னாரில் அவர்களைக் கப்பலேற்றிவிட அவர் போனாரா? இதெல்லாம் கேட்கத் தோன்றவில்லையா உங்களுக்கு?

சரி, அது ஓர் அத்தியாயம். எனக்குக் காக்கியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

அம்மாவின் தயக்கம் விளங்குகிறது. தோட்டத்து ஞாபகத்தில் பொலிஸ் என்றால் ஜீப்பும் துவக்கும். 1940 ஜனவரி 10இல் முல்லோயாத் தோட்டத்து வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ் சுட்டு கோவிந்தன் இறந்தார். 1977 மே 11இல் டெவன் தோட்டத்தில், தோட்டக் காணிகள் பறிபோவதை எதிர்த்துத் திரண்டவர்கள்மேல் சுட்டதில் சிவனு லட்சுமணன் இறந்தார். இந்த இரண்டு பெயரும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், நீங்களும் வகுப்பில் சொல்லிக் கொடுப்பீர்கள் என்று நம்புகிறேன். டெவன் நடந்தபோது உங்கள் தாத்தா ஏழு வருடம் சேவை முடித்தவர். அந்தச் செய்தி வந்த ராத்திரி வீட்டுக்கு வந்து பாட்டியிடம் என்ன சொன்னார்?

ஆனால் ஜீப் எப்போதோ ஒருநாள் வருவது. நம் ஆட்கள் பொலிசிடம் அன்றாடம் அகப்பட்டது முறைப்பாட்டு மேசையில்.

1974. பாணுக்கும் மாவுக்கும் விடிய முன்னமே வரிசையில் நின்ற வருடம். ஒரு கொந்தராப்புக்காரர் விறகுக் கட்டையால் அடித்ததில் எங்கள் அப்பா கை முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். எந்த ஸ்டேஷன் என்பது இப்போது வேண்டாம். மேசையில் இருந்த கொன்ஸ்டபிளுக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்குக் கடையில் சாமான் வாங்குகிற அளவுக்குத்தான் சிங்களம். இரண்டையும் கலந்து, கட்டையை ஓங்கிய விதத்தைக் கையால் செய்து காட்டி, அழுது, அம்மா சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டே போனார். கெட்ட ஆளில்லை. நடுவில் எனக்கு ஒரு பிஸ்கட்கூடத் தந்தார். எழுதி முடிந்ததும் ஊதா மைப் பெட்டியை அம்மா பக்கம் தள்ளினார்.

அம்மா விரலை வைக்கப் போன நேரம் உள்ளேயிருந்து ஒரு சார்ஜன்ட் வந்தார். தமிழர். பனியனோடு, பாதி முகத்தில் சவர நுரை காயாமல் நின்றார். “இரும்மா” என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, எழுதியிருந்ததைத் தமிழில் வாசித்தார். திகதி சரி, இடம் சரி, முறிந்தது எந்தக் கை என்பதும் சரி. அடித்தவர் ‘அடையாளம் தெரியாத ஆள்’ என்றிருந்தது.

“பேரு சொன்னேனே ஐயா! மூணு தரம் சொன்னேனே!”

சார்ஜன்ட் கொன்ஸ்டபிளைத் திட்டவில்லை. எழுதியதை வெட்டவுமில்லை. அதற்குக் கீழே அம்மாவின் மேலதிக வாக்குமூலம் என்று தொடங்கி, அடித்தவரின் பெயர், தகப்பன் பெயர், எந்த லயம் என்று நாலு வரி எழுதினார். அதையும் வாசித்துக் காட்டிய பிறகுதான் விரலை வைக்கவிட்டார். “அடுத்த தடவை வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேக்கணும், வெளங்குதா?” என்று ஓர் அதட்டு. வீடு வந்து சேரும்வரை அம்மா அந்த அதட்டலைப் பற்றியேதான் கோபமாகப் பேசிக்கொண்டு வந்தார்.

சில மாதம் கழித்துத் தோட்டத்தில் ஸ்ட்ரைக். ஜீப்பில் வந்து ஸ்டோர் வாசலில் பொல்லோடு நின்றவர்களில் அதே சார்ஜன்டும் இருந்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது சொல்லுங்கள், இந்த ஆளை எப்படி மேலோட்டமாக எழுதுவீர்கள்?

சட்டத்தில் எல்லாம் இருக்கிறது. பிற்பாடு 1979இல் வந்த குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். வாயால் சொல்லப்படும் முறைப்பாட்டை, சொல்லப்படுகிற மொழியிலேயே எழுத வேண்டும். முடியாவிட்டால் சொல்பவரையே எழுதித் தரச் சொல்ல வேண்டும். அதற்கும் வழியில்லாவிட்டால், காரணத்தைக் குறித்துவிட்டுத் தேசிய மொழிகளில் ஒன்றில் எழுதி, அவருக்கு விளங்கும் மொழியில் வாசித்துச் சொல்ல வேண்டும். 1987இல் தமிழும் அரசகரும மொழியானது. 1999இல் நுவரெலியா மாவட்டத்திலும் பதுளை மாவட்டத்தின் சில பகுதிகளிலும் இருமொழி நிர்வாகம் என்று அறிவித்தார்கள். நல்லது. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் தமிழ் தெரிந்த ஒருவர் உட்காராவிட்டால் 109ஆம் பிரிவு வெறும் காகிதம். அப்படி ஒருவர் எங்கிருந்து வருவார்? 1956இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பிறகு அரச வேலையில் தமிழர் தொகை குறைந்துகொண்டே போனது. நம் ஆட்களில் பெரும்பாலானவர்கள் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தோடு நாடற்றவர்களாகி, அரச உத்தியோகத்தைக் கனவில்கூட நினைக்க முடியாமல் இருந்தார்கள். ஆகவே ஒரு ஸ்டேஷனில் ஒரு தமிழ் சார்ஜன்ட் இருந்தால், அவர் லீவில் போகாத நாளாகப் பார்த்துத்தான் சனம் முறைப்பாடு சொல்லப் போனது.

உங்கள் தாத்தாவின் 27 வருடம் இதுதான். சம்பள நாள் அடிதடி, பீலித் தண்ணீர்ச் சண்டை, காணாமல்போன மாடு, கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பிய பிள்ளையிடமிருந்து ஒரு தகவலும் இல்லை என்று வந்து நிற்கிற தாய். எல்லாம் அவர் காதில் தமிழில் விழுந்து, பேனாவில் சிங்களமாக இறங்கியிருக்கிறது. நம் எழுத்தாளர்கள் கொழுந்துக் கூடையைப் பற்றி எழுதிக் குவித்ததில் காற்பங்காவது இந்த மேசையைப் பற்றி எழுதியிருக்கிறார்களா? மேசையில் உட்கார்ந்திருந்த ஆளே உங்கள் வீட்டு விறாந்தையில் இருக்கிறார். நீங்கள் போய்க் கப்பலைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

அவரை உத்தமராக்கவும் வேண்டாம். 27 வருடத்தில் எல்லா வாக்குமூலத்தையும் உள்ளபடியே எழுதியிருக்க மாட்டார். துரை பங்களாவிலிருந்து டெலிபோன் வந்திருக்கும், மேலதிகாரி கண் காட்டியிருப்பார். அதை அவர் வாய் திறந்து சொன்னால் அப்படியே எழுதுங்கள்.

1971 ஏப்ரல் 5இல் ஜே.வி.பி. கிளர்ச்சியில் வெல்லவாய ஸ்டேஷன் தாக்கப்பட்டபோது அவர் புதுக் கொன்ஸ்டபிள், அதையும் கேளுங்கள். ஆனால் 1983 ஜூலையை எடுத்த எடுப்பில் கேட்காதீர்கள். பதுளையிலும் நுவரெலியாவிலும் தமிழர் கடைகள் எரிந்துகொண்டிருந்தபோது ஒரு தமிழ்ப் பொலிஸ்காரரைத் தெருவுக்கு அனுப்பினார்களா, உள்ளே உட்கார வைத்தார்களா, அவர் பெண்சாதி பிள்ளைகள் அந்த ராத்திரி யார் வீட்டில் இருந்தார்கள் என்பதெல்லாம் அவராக வந்து சொல்ல வேண்டியவை. உங்கள் அம்மா அப்போது சிறுபிள்ளையாகவோ குமரியாகவோ இருந்திருப்பார். கிளற வேண்டாம் என்று அவர் சொல்வதற்குத் தோட்டத்தார் பேச்சு மட்டும்தான் காரணமா என்று யோசித்துப் பாருங்கள். ஒருநாள் சமையலறையில் பக்கத்தில் இருந்துகொண்டு மெதுவாகக் கேளுங்கள். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள், தொந்தரவு செய்யாதீர்கள்.

அணிந்துரை தரமாட்டேன். அமைச்சர்களிடமும் வாழ்த்துச் செய்தி வாங்கிப் போடாதீர்கள். நம் விழா மலர்களில் பதினைந்து பக்கம் வாழ்த்துச் செய்தி போய், பதினாறாம் பக்கத்தில்தான் ஆளே பிறக்கிறார்.

அப்புறம், கைப்பேசியைப் பதிவில் போட்டு முன்னால் வைத்துவிட்டு “சொல்லுங்க தாத்தா” என்று உட்காராதீர்கள். ஆயுசெல்லாம் மற்றவர்களிடம் வாக்குமூலம் எடுத்தவரிடமிருந்து அப்படி ஒன்றும் பெயராது. ஒரு சீஆர் கொப்பியும் பேனாவும் வாங்கிக் கொடுங்கள். அந்தக் காலத்தில் ஒரு முறைப்பாட்டை எப்படி எழுதுவீர்கள், ஒன்று எழுதிக் காட்டுங்கள் என்று கேளுங்கள். சிங்களத்தில்தான் எழுதுவார். எழுதி முடித்ததும் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பக்கங்களைப் போட்டோ பிரதி எடுத்து எனக்கும் அனுப்புங்கள், தபால் செலவை நான் தருகிறேன்.