கோச் கொடுக்கும் நற்சான்று

கேள்வி: எங்கள் பகுதி மக்கள் பிரதிநிதி குடிநோய்க்குச் சிகிச்சை எடுத்துத் திரும்பியிருக்கிறார். கூடவே, மறுபடி குடிக்காமலிருக்க உதவும் ஒரு மீட்சி கோச். “அவர் முழுக்கக் குணமாகிவிட்டார்” என்று கோச் பேட்டி கொடுக்கிறார். அவரும் ஒரு காலத்தில் குடித்தவராம். சம்பளமும் பிரதிநிதியிடம்தான் வாங்குகிறார். அவரை நம்பலாமா?

பதில்: அவர் முன்பு குடித்தவர் என்பதைக் குறையாக நினைக்காதீர்கள். இந்த வேலைக்கு வருகிறவர்களில் பலர் அப்படித்தான். நடுக்கம் தெரியாமலிருக்க ஒருவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தால், நாம் கவனிக்க மாட்டோம். கோச் கண்ணில் படும்.

எனக்கு உறுத்துவது அந்தப் பேட்டிதான். கோச் மருத்துவர் இல்லை. குடிநோய் திரும்பத் தலைதூக்கக்கூடியது என்று தெரிந்தவர் ‘முழுக்கக் குணம்’ என்று சொல்லவே மாட்டார். நாளை இரவு பிரதிநிதி ஒரு கிளாஸ் குடித்துவிட்டால் யாரிடம் போய்ச் சொல்வார்? ஊருக்கெல்லாம் உத்தரவாதம் கொடுத்த மனிதரிடமா? வாயைத் திறக்கவே பயப்படுவார்.

அமெரிக்காவில் பேட்ரிக் கென்னடி என்ற எம்.பி., 2006இல் ஒரு நள்ளிரவில் நாடாளுமன்றம் அருகே தடுப்பில் காரை மோதிவிட்டுச் சிகிச்சைக்குப் போனார். அவருக்கு ஸ்பான்சராக, அதாவது தானும் குடியை விட்டுவிட்டு இன்னொருவர் விடத் துணை நிற்பவராக, இருந்தவர் ஜிம் ராம்ஸ்டாட். மாற்றுக் கட்சி எம்.பி.! 1981இலேயே குடியை விட்டவர். ஸ்பான்சருக்குச் சம்பளம் கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மனநோய்க்கும் போதைநோய்க்கும் மற்ற நோய்களுக்கு இணையான காப்பீடு கேட்டு இருவரும் சேர்ந்து போராடினார்கள். 2008இல் சட்டம் வந்தது. ஆனால் 2009இல் கென்னடி மறுபடி சிகிச்சைக்குப் போக வேண்டியிருந்தது. அதற்காக ராம்ஸ்டாட்டைப் போலி என்று சொல்ல முடியுமா? 2011 முதல் போதையைத் தொடாமல் இருப்பதாகக் கென்னடி பிற்பாடு வெளிப்படையாகச் சொன்னார்.

சரி, சம்பள விஷயம். உங்கள் பிரதிநிதி சொந்தப் பணத்தில் கொடுத்தால் அது அவர்கள் இருவருக்குள் இருக்கட்டும். அரசுப் பணம் என்றால் கணக்குக் கேளுங்கள், அது உங்கள் உரிமை.

பிரதிநிதியை எடைபோட கோச்சின் சான்று எதற்கு? கூட்டங்களுக்கு நேரத்துக்கு வருகிறாரா, மனுக்கள் நகர்கின்றனவா, குடித்த காலத்தில் செய்த தவறுகளுக்கு அவர் வாயாலேயே பதில் சொல்கிறாரா என்று பாருங்கள். இல்லையென்றால் விடுப்பில் போகச் சொல்லுங்கள். அதில் இரக்கக் குறைவு எதுவும் இல்லை.

அப்புறம், அடுத்த முறை நிருபர்கள் மைக்கை நீட்டும்போது அந்த கோச் “அதை அவரிடமே கேளுங்கள்” என்று நகர்ந்துபோனால், எனக்கு எழுதுங்கள். அன்றைக்கு நானும் அவரை நம்புவேன்.