ப்ரோக்ராம் கோடு எழுதத் தெரியாதவங்க விக்கிடேட்டாகான் போகலாமா?

வணக்கம் சார். நான் லைப்ரரியில கேட்டலாக் பாக்குற வேலையில இருக்கேன். கொஞ்ச நாளா விக்கிடேட்டாவுல (யார் வேணா எடிட் பண்ணக்கூடிய திறந்த தகவல் தளம்) எழுத்தாளர்கள், புத்தகங்கள்னு எடிட் பண்ணிட்டு வரேன். அடுத்த விக்கிடேட்டாகானுக்கு (விக்கிடேட்டா ஆளுங்க கூடுற மாநாடு) ஸ்காலர்ஷிப் போட்டுப் பாக்கலாமான்னு ஒரு யோசனை. ஆனா எனக்கு ப்ரோக்ராமிங் தெரியாது. விக்கிடேட்டாவுல இருந்து தகவல் கேட்டு எடுக்குற மொழியான ஸ்பார்க்குள்னா, யாராவது எழுதி வச்ச கொரியை (கேள்வியை) காப்பி பண்ணி பேரை மாத்திப்பேன், அவ்ளோதான். அங்க நடக்குற டாக் (உரை) எல்லாமே வீடியோவா வந்துடுதே, அதைப் பாத்துட்டு சும்மா இருந்துடலாமா, இல்ல நேர்ல போனா நிஜமாவே ஏதாவது இருக்கா? நீங்க போயிருக்கீங்கன்னு எழுதியிருந்தீங்க, அதான் கேக்குறேன்.

வணக்கம்.

போங்க. ஆனா டாக் கேக்குறதுக்குன்னு போறதா இருந்தா வேணாம். அதுக்கு வீடியோவே தாராளம். 2017லயும் 2019லயும் பெர்லின்ல நடந்தப்போ கெயாஸ் கம்ப்யூட்டர் கிளப்ங்கிற ஜெர்மன் ஹேக்கர் சங்கத்தோட வீடியோ டீம்தான் ரெக்கார்ட் பண்ணாங்க, இன்னும் அவங்க சைட்ல இருக்கு, நிதானமா பாக்கலாம். நான் போனது 2019க்கு. அங்க எனக்கு உபயோகப்பட்ட எதுவும் அந்த வீடியோவுல இல்ல.

ஏன்னு சொல்றேன். விக்கிடேட்டா 2012 அக்டோபர்ல ஆரம்பிச்சப்போ வேற வேற மொழி விக்கிப்பீடியாவுல ஒரே விஷயத்தைப் பத்தி இருக்குற கட்டுரைகளை கோர்த்து வைக்கிற இடம், அவ்ளோதான். அடுத்த வருஷம்தான் பிறந்த தேதி, தொழில்னு தகவலே சேக்க ஆரம்பிச்சாங்க. இப்போ 10 கோடி ஐட்டத்துக்கு (ஒரு ஆள், ஒரு புத்தகம்னு ஒவ்வொண்ணுக்கும் உள்ள பக்கம்) மேல போயிடுச்சு. இதுல ஒரு விஷயத்தை எப்படி பதியணும்னு மேல உக்காந்து யாரும் ரூல் போடுறதில்ல, எடிட் பண்றவங்களே பேசிப் பேசித்தான் முடிவு பண்ணணும். அந்தப் பேச்சு எழுத்துல நடந்தா மாசக்கணக்குல இழுக்கும், ஒருத்தர் நாலு பத்தி எழுதுவார், இன்னொருத்தர் அதுல ஒரு வரியை மட்டும் பிடிச்சுக்குவார், மூணாவது ஆள் புதுசா ஒரு கேள்வியைப் போட்டுட்டு காணாம போயிடுவார், கடைசியில எவன் முதல்ல எடிட் பண்ணானோ அவன் சொன்னதே நிலைச்சுடும். நேர்ல உக்காந்தா அதே சண்டை அரை மணியில ஒரு வழிக்கு வந்துடுது.

உங்க வேலை சம்பந்தப்பட்டதாவே ஒண்ணு சொல்றேன். இடைவேளையில ஒரு மேஜையில ஒருத்தர் லேப்டாப்ல ஒரு நாவலோட ஐட்டத்தைத் திறந்து வச்சிருந்தார். ஐஎஸ்பிஎன்ங்கிற புத்தக அடையாள நம்பருக்குப் பக்கத்துல அந்தச் சின்ன எச்சரிக்கை ஐகான் வந்து நிக்குது. நம்பர் சரியாத்தான் இருக்கு, அப்புறம் என்ன தப்புன்னு அவருக்குப் புரியல. பக்கத்துல இருந்தவங்க ஒரு லைப்ரரியன், கோடு ஒரு வரி எழுதினதில்லன்னு அவங்களே சொல்லிக்கிட்டாங்க. ஐஎஸ்பிஎன் நாவலோடது இல்ல, பதிப்போடதுன்னு விளக்குனாங்க. நாவல்ங்கிற படைப்புக்கு ஒரு ஐட்டம், இந்த வருஷம் இந்தப் பதிப்பகம் போட்ட பதிப்புக்கு தனி ஐட்டம், பதிப்புல இருந்து படைப்புக்கு பி629, படைப்புல இருந்து பதிப்புக்கு பி747னு (ஒவ்வொரு வகைத் தகவலுக்கும் விக்கிடேட்டாவுல இப்படி ஒரு எண் உண்டு) ரெண்டையும் இணைக்கணும். உங்களுக்கு இது அரிச்சுவடி. ஆனா எதிர்ல இருந்த டெவலப்பர் விடல. ஒரே ஒரு பதிப்போட நின்னு போன புத்தகம் எக்கச்சக்கமா இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு ஐட்டம் போட்டா யாரு பராமரிக்கிறதுன்னு கேட்டார். அதுவும் நியாயம்தானே? அப்போ பழைய புத்தகங்களை ஏத்தி வைக்கிற விக்கிமூலத்துல வேலை செய்யற ஒருத்தர் உள்ள வந்து, நாங்க ஸ்கேன் பண்ணி ஏத்துறது குறிப்பிட்ட ஒரு பதிப்பை, அதுக்குன்னு தனி ஐட்டம் இல்லாம நாங்க எதோட இணைக்கிறதுன்னார். தீர்ப்பு எதுவும் வரல. ஆனா எதிராளி ஏன் அப்படி அடம் பிடிக்கிறான்னு மூணு பேருக்கும் புரிஞ்சுது, டெவலப்பர் புத்தகத் தகவலை மொத்தமா ஏத்துற தன்னோட இம்போர்ட்டை நிறுத்தி வைக்கிறேன்னு சொல்லிட்டுப் போனார். அந்த மேஜையில அதிகமா பேசினது கோடு தெரியாத அந்த லைப்ரரியன்தான், அதனாலதான் உங்களைப் போங்கன்னு சொல்றேன்.

இன்னொண்ணு, தேதி. ஒரு எழுத்தாளர் 1890ல பிறந்தார், நாள் தெரியாதுன்னா நீங்க 1890னு மட்டும் போடுவீங்க. விக்கிடேட்டா அதை வருஷம் வரைக்கும்தான் உறுதின்னு ஒரு துல்லிய எண்ணோட வச்சுக்கும், வருஷத்துக்கு 9, நாள் வரைக்கும் தெரிஞ்சா 11. ஆனா சாதாரண கொரி போட்டா அந்த எண் கூட வராது, 1890 ஜனவரி 1னு தேதி மட்டும் வந்து நிக்கும். இது தெரியாம இன்னைக்குப் பிறந்தவங்க லிஸ்ட் போட்டா ஜனவரி 1ம் தேதி மட்டும் ஊருப்பட்ட பேர் வந்து விழுவாங்க. இதெல்லாம் டாகுமெண்டேஷன்ல இருக்குதான், ஆனா உங்க கொரியை ஒருத்தர் எட்டிப் பாத்து "இதுல துல்லிய எண்ணையும் சேத்து எடுங்க"ன்னு சொல்ற மாதிரி வராது. அதனால ஸ்பார்க்குள் தெரியாதுன்னு கூச்சப்படாதீங்க. காப்பி பண்ண கொரியையே எடுத்துட்டுப் போங்க, கொரி எழுதிக் கொடுக்குறதையே பொழுதுபோக்கா வச்சிருக்கறவங்க அங்க இருப்பாங்க.

எரிச்சலும் இருக்கு. பழைய ஆளுங்க நம்பர்லயே பேசுவாங்க, பி31 போட்டுட்டான், அங்க பி279 வரணும்னு. முதல் நாள் தலையும் புரியாது வாலும் புரியாது. இது இன்ன வகையைச் சேர்ந்த ஒண்ணுன்னா பி31, இந்த வகையே அந்தப் பெரிய வகைக்குள்ள அடங்கும்னா பி279, இதை மட்டும் தெரிஞ்சு வச்சிக்கிட்டா பாதி சண்டை புரிஞ்சுடும். அப்புறம் அந்த பிறந்தநாள் பரிசு. அக்டோபர் 29 விக்கிடேட்டாவோட பிறந்தநாள், அதையொட்டி புது டூலா செஞ்சு பரிசுன்னு வெளியிடுவாங்க. பாக்க ஆசையாத்தான் இருக்கும், கை தட்டுவோம், ஆனா ஒரே ஆளு தன் ஓய்வு நேரத்துல பண்ற டூலுக்கு பின்னால யாரு பொறுப்புன்னு மேடையில யாரும் கேக்குறதில்ல. பழைய டூலை ரிப்பேர் பண்றவனுக்கும் ஒரு கைதட்டல் குடுக்கலாம்னு எனக்குத் தோணும்.

2021ல முழுசா ஆன்லைன்ல நடந்துச்சு, 2023ல தைபேயில. ஆன்லைன்ல பயணச் செலவு இல்லாததால நிறைய நாட்டுக்காரங்க சேர முடிஞ்சுது, அது பெரிய விஷயம்தான். ஆனா அந்த லேப்டாப்பை சுத்தி நாலு பேர் கூடுற சமாச்சாரம் ஸ்க்ரீன்ல நடக்காது, அதனால ஆன்லைன்னா சின்ன குரூப்பா பேசுற செஷனா பாத்து சேருங்க.

ஸ்காலர்ஷிப் ஃபார்ம்ல திறந்த அறிவு மேல எனக்கு பற்றுன்னு எல்லாம் எழுதி இடத்தை வீணாக்காதீங்க, எல்லாரும் அதைத்தான் எழுதுவாங்க. நீங்க பண்ணின எடிட்ல நாலு லிங்க் குடுங்க, நீங்க மாட்டிக்கிட்டு நிக்கிற ஒரு இடத்தை எழுதுங்க. ரெண்டு மூலம் ரெண்டு பிறந்த வருஷம் சொல்லுதா, தப்பானதை அழிக்காம தப்புன்னு குறிச்சு மதிப்பிறக்கி காரணத்தோட வச்சிருக்கீங்களா, அப்படியே எழுதுங்க. கேட்டலாக் வேலையில இந்த மாதிரி தினமும் வரும்தானே.

கிடைச்சா, ப்ரோக்ராம் வந்ததும் செஷனை டிக் பண்ணிட்டு உக்காந்துடாதீங்க. யார்கிட்ட என்ன கேக்கணும்னு முதல்ல எழுதி வைங்க. செஷனுக்கு செஷன் ஈதர்பேட்ங்கிற ஆன்லைன் நோட்டுல எல்லாரும் சேந்து நோட்ஸ் எழுதுவாங்க, வாய் திறந்து கேக்க தயக்கமா இருந்தா கேள்வியை அதுலயே போட்டுட்டு கீழ உங்க யூசர்நேமை எழுதிடுங்க, சாயங்காலத்துக்குள்ள யாராவது தேடிட்டு வந்துடுவாங்க.